பிரஸ்ஸல்ஸ் டி லா சென் ஆலையின் பீர்கள்: ருசியும் மதிப்பெண்ணும்

மாறன்_பிரஸ்ஸல்ஸ்

பெல்ஜிய பீர் என்று பேச்சு வந்தாலே டூவெல், ஷிமே, வெஸ்ட்ஃப்ளெட்டரென் என்று மூன்று பெயர்களையே சுற்றிச் சுற்றி வருகிறோம். டி லா சென் ஆலைக்கு இங்கே ஒரு தனி இழை இல்லாதது எனக்கு நெடுநாள் குறை. அதனால் நானே தொடங்குகிறேன். அவர்களுடைய ஆறு பீர்களுக்கு என் மதிப்பெண்ணைக் கீழே போட்டிருக்கிறேன். நீங்களும் போடுங்கள், ஒத்துவராத இடத்தில் தாராளமாகச் சண்டைக்கு வாருங்கள்.

அறியாதவர்களுக்குச் சுருக்கமாக: இவான் டி பேட்ஸ், பெர்னார் லெபூக் என்ற இரண்டு பிரஸ்ஸல்ஸ்காரர்களின் ஆலை இது. 2002-ல் இந்த ஊரின் ஸின்னெகெ ஊர்வலத்துக்காகக் காய்ச்சிய ஸின்னெபிர்தான் முதல் அடி. நகருக்கு வெளியே ஒரு சின்ன இடத்தில் ஆரம்பித்து, அதை விட்ட பிறகு டி ராங்கே போன்ற நண்பர்களின் ஆலைகளில் கொப்பரை கடன் வாங்கிக் காய்ச்சி, 2010 கடைசியில் மோலன்பேக்கில் சொந்த ஆலை போட்டார்கள். இப்போது டூர் எ டாக்ஸி பக்கம் பெரிய இடத்துக்கு மாறிவிட்டார்கள். பீரை வடிகட்டுவதில்லை, பாஸ்டரைஸ் செய்வதில்லை, பாட்டிலுக்குள்ளேயே மறுபடி நொதிக்க விடுகிறார்கள். சென் என்பது பிரஸ்ஸல்ஸின் ஆறு. 1867-லிருந்து 1871-க்குள் அதை மூடி மேலே அகலமான சாலைகளைப் போட்டுவிட்டார்கள். இந்த ஊரில் பலர் அந்த ஆற்றைக் கண்ணால் பார்த்ததே இல்லை, பீர் பாட்டிலில் பெயரைத்தான் பார்க்கிறார்கள்.

மதிப்பெண்ணுக்கு, பீர் குடிப்பவர்கள் எண் போட்டுவந்த ரேட்பீர் என்ற இணையதளத்தின் பழைய முறையையே எடுத்துக்கொண்டேன்: மணம் 10, தோற்றம் 5, சுவை 10, வாயில் உணரும் தன்மை 5, மொத்த அபிப்பிராயம் 20. ஆக 50. அந்தத் தளம் 2025 பிப்ரவரியில் மூடப்பட்டாலும் இந்தக் கணக்கு எனக்குப் பழகிவிட்டது. ஒரே ஒரு விதியை மட்டும் சேர்த்துக்கொண்டேன்: 33 சென்டிலிட்டர் பாட்டில் முழுவதையும் குடித்து முடித்த பிறகே எண்ணை எழுதுவது. இது ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் தாராஸ் பூல்பா. ஆல்கஹால் 4.5 சதவீதம்தான். ஊற்றினால் வெளிறிய மஞ்சள், லேசான கலங்கல், மேலே நாலு விரல் உயரத்துக்கு வெள்ளை நுரை. அந்த நுரை கலைவதே இல்லை. ஒவ்வொரு மிடறுக்கும் கிளாஸின் உள்சுவரில் ஒரு வளையம் விட்டுவிட்டு இறங்குகிறது. மூக்கைக் கிட்டே கொண்டுபோனால் நாரத்தைத் தோல், காய்ந்த புல், வெண்மிளகு. வாயில் முதல் நொடியில் ரொட்டி போல ஒரு மால்ட் (முளைகட்டிக் காயவைத்த தானியம்) இனிப்பு எட்டிப்பார்க்கிறது. அடுத்த நொடியே அதைத் தள்ளிக்கொண்டு கசப்பு வருகிறது. சுண்டைக்காய் வற்றலைக் கடித்தால் கசந்து முடிந்த பிறகு நாக்கு சுத்தமாகிவிட்டது போல இருக்குமே, அந்தக் கசப்பு. விழுங்கியபின் வாய் உலர்ந்து அடுத்த மிடறைக் கேட்கிறது. 8, 5, 9, 4, 18. மொத்தம் 44. இந்த ஆலையில் என் முதலிடம் இதற்குத்தான்.

ஸின்னெபிர் 5.8 சதவீதம். பொன்னிறம், தானிய வாசனை கூடுதல், கசப்பு கொஞ்சம் உருண்டையானது. தாராஸ் பூல்பாவில் ஹாப் (கசப்பும் மணமும் தரும் பூ) முன்னால் நிற்கும், இதில் மால்ட்டும் ஹாப்பும் சரிக்குச் சரி. சாப்பாட்டோடு எனக்கு இதுதான். 41.

ஸ்டவுட்டெரிக் கறுப்பு. பெயரைப் பார்த்து கனமான ஸ்டவுட் (வறுத்த தானியத்தில் காய்ச்சும் கறுப்பு பீர்) என்று நினைத்துவிடாதீர்கள், 5 சதவீதம்தான். வறுத்த பார்லி, கறுப்புக் காபி, உலர்ந்த முடிவு. 39. ப்ரஸ்ஸல்ஸ் காலிங் 6.5 சதவீதம், ஹாப் மணம் தூக்கலானது, நல்ல பீர், ஆனால் கடைசிக் கால்பங்கில் எனக்கு அலுத்துவிடுகிறது. 38. ப்ரூக்செலென்சிஸில் ப்ரெட்டனோமைசிஸ் என்ற காட்டு ஈஸ்ட் வேலை செய்கிறது. வைக்கோல், ஈரத் தோல், பழுத்த அன்னாசி எல்லாம் ஒன்றாகக் கலந்த மணம். இதே ஈஸ்ட் சேரும் ஆர்வல் பீர் பிடித்தவர்களுக்கு இது கட்டாயம் பிடிக்கும். 42.

ஜாம்ப் டி புவா 8 சதவீதம், டிரிபிள் என்ற பலமான, வெளிர் நிற பெல்ஜிய வகை. 1830 பெல்ஜியப் புரட்சியில் லீயேஜிலிருந்து வந்து பிரஸ்ஸல்ஸ் தெருக்களில் பீரங்கி இயக்கிய மரக்கால் வீரர் ஷார்லியேயை நினைத்து வைத்த பெயர். வாழைப்பழம், லேசான கிராம்பு, தேன். மற்ற டிரிபிள்களைவிடக் கசப்பு அதிகம் என்பது இதன் பலம். ஆனாலும் பாதி கிளாஸுக்கு மேல் ஆல்கஹாலின் சூடு தெரிகிறது. 7, 4, 7, 3, 14. மொத்தம் 35.

---

லூவன்_கார்த்தி

மாறன் அண்ணா, எழுதியதெல்லாம் அருமை. ஆனால் ஜாம்ப் டி புவாவுக்கு 35 என்பதை என்னால் ஏற்கவே முடியாது.

ஒரு டிரிபிளை டிரிபிளாகத்தான் அளக்க வேண்டும். வெஸ்ட்மாலே டிரிபிள் 9.5 சதவீதம். அதிலும் சூடு தெரியும், அது அந்த வகையின் இயல்பு. அதற்காகவா மதிப்பெண் குறைப்பீர்கள்? வீட்டில் காய்ச்சுபவர்களின் போட்டிகளில் பயன்படுத்தும் பிஜேசிபி தாளைப் பாருங்கள். அதிலும் மொத்தம் 50 தான்: மணம் 12, தோற்றம் 3, சுவை 20, வாயுணர்வு 5, ஒட்டுமொத்தம் 10. அங்கே முதல் கேள்வியே "இந்த வகைக்கு இது எவ்வளவு பொருத்தம்" என்பதுதான். அந்தத் தாளில் நான் போட்டால் ஜாம்ப் டி புவாவுக்கு 42 வரும். பெரும்பாலான டிரிபிள்கள் சர்க்கரைப் பாகாக இழுக்கும்போது இவர்கள் அதைக் கசப்பால் கட்டி நிறுத்தியிருக்கிறார்கள். இது லேசுப்பட்ட வேலை இல்லை.

அப்புறம், ரேட்பீர் முறையில் ஒட்டுமொத்த அபிப்பிராயத்துக்கே 20 போய்விடுகிறது. சொந்த விருப்பத்துக்கு ஐந்தில் இரண்டு பங்கு! அப்படி வந்த எண்ணை வைத்துக்கொண்டு இரண்டு வெவ்வேறு வகை பீர்களை ஒப்பிடுவது நியாயமா?

---

மாறன்_பிரஸ்ஸல்ஸ்

கார்த்தி, அந்த 20-ஐ நான் வேண்டுமென்றேதான் வைத்திருக்கிறேன். பிஜேசிபி தாள் நடுவருக்கானது. அவர் முன்னால் வரிசையாகப் பல கிளாஸ்கள் இருக்கும், ஒவ்வொன்றிலும் சில மிடறுகள்தான் குடிப்பார். காய்ச்சியவருக்குக் குறை நிறை சொல்ல அது போதும். நாம் பீரை அப்படிக் குடிப்பதில்லை.

முழு கிளாஸ் விதியின் காரணமும் இதுதான். இரண்டு மிடறில் எது ஜெயிக்கும்? இனிப்பு ஜெயிக்கும், ஆல்கஹால் ஜெயிக்கும், பீப்பாயில் ஊறிய வாசனை ஜெயிக்கும். 4.5 சதவீத பீர் அந்த வரிசையில் தண்ணீராகத் தெரியும். ரேட்பீரின் உச்சியில் ஆண்டுக்கணக்காக உட்கார்ந்திருந்தவை எவை? 10.2 சதவீத வெஸ்ட்ஃப்ளெட்டரென் 12, அதைச் சுற்றி இம்பீரியல் ஸ்டவுட்கள். அவை மட்டமான பீர்கள் என்று நான் சொல்லவில்லை. அந்தப் பட்டியல் ருசிக்கு மட்டும் மதிப்பெண் போடவில்லை, ருசிபார்க்கும் முறையும் சேர்ந்துதான் அந்த எண்களைத் தந்தது.

சின்ன பீரைக் காய்ச்சுவதுதான் கடினம் என்பது என் உறுதியான எண்ணம். 8 சதவீத பீரில் ஒரு சின்னக் குறை இருந்தால் இனிப்பும் ஆல்கஹாலும் அதை மூடிவிடும். 4.5-ல் மறைக்க இடமே கிடையாது. தண்ணீர், தானியம், ஹாப், ஈஸ்ட் நான்கும் அம்மணமாக நிற்கும். அந்த நிலையிலும் தாராஸ் பூல்பா தலைநிமிர்ந்து நிற்கிறது.

---

மதுமிதா_ஐந்தோவன்

வீட்டில் காய்ச்சுகிறவள் என்ற முறையில் மாறன் சொல்வதில் பாதியை ஆமோதிக்கிறேன். சின்ன பீர் கடினம் என்பது நூற்றுக்கு நூறு உண்மை. ஆனால் "மறைக்க இடமில்லை" என்பதோடு விட்டால் டி லா சென் என்ன செய்கிறார்கள் என்பது விளங்காது. அவர்களுடைய நொதித்தொட்டியைப் பற்றி யாராவது பேச வேண்டும். நான் பேசுகிறேன்.

இன்று ஏறக்குறைய எல்லா ஆலைகளிலும் உயரமான, அடியில் கூம்பு வைத்த எஃகுத் தொட்டிகள்தான். இடம் மிச்சம், சுத்தம் செய்வது எளிது, ஈஸ்ட்டை அடியிலிருந்து எடுத்துவிடலாம். ஆனால் திரவம் உயர உயர அடியில் அழுத்தம் ஏறும். பத்து மீட்டர் ஆழத்துக்கு ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுதல். அழுத்தம் கூடினால் கரியமில வாயு அதிகமாகக் கரைந்து நிற்கும். அது ஈஸ்ட்டின் வேலையை அடக்கும், பழ வாசனை தரும் எஸ்டர்கள் குறையும். குளிரில் நொதிக்கவிடும் லாகர் பீர் காய்ச்சுபவருக்கு அது வசதி. பெல்ஜிய ஈஸ்ட்டுக்கு அது வாயைப் பொத்துவதற்குச் சமம்.

டி பேட்ஸ் பல ஆண்டுகளாக இதைத்தான் சொல்லிவருகிறார். உயரம் குறைந்த, அகலமான தொட்டிகளை அவர் கேட்டு வாங்கிய காரணமும் இதுதான். 4.5 சதவீத பீரில் எஸ்டர் உண்டாகவே வாய்ப்பு குறைவு, காரணம் சர்க்கரை குறைவு. அந்தக் கொஞ்சத்தையும் அழுத்தத்தில் நசுக்கிவிட்டால் வெறும் கசப்புத் தண்ணீர்தான் மிஞ்சும். தாராஸ் பூல்பாவில் மாறன் கண்ட நாரத்தைத் தோல் வாசனை முழுக்க ஹாப்பிலிருந்து மட்டும் வந்தது அல்ல. ஈஸ்ட்டும் ஹாப்பும் சேர்ந்து செய்த வேலை என்றுதான் என் நாக்கு சொல்கிறது.

மிளகு, கிராம்பு வாசனைகளும் ஈஸ்ட் தருபவைதான். பார்லியிலிருக்கும் ஃபெருலிக் அமிலத்தைச் சில ஈஸ்ட் வகைகள் 4-வினைல் குவாயகால் என்ற பொருளாக மாற்றும். ஜாம்ப் டி புவாவின் கிராம்பு அது. வாழைப்பழம் ஐசோஅமைல் அசிடேட். இதெல்லாம் யாரும் வெளியிலிருந்து போட்ட மசாலா என்று நினைக்க வேண்டாம்.

என் மதிப்பெண்: தாராஸ் பூல்பா 43, ஜாம்ப் டி புவா 39. இரண்டு பேரும் என்னோடு கோபித்துக்கொள்ளலாம்.

---

யாழ்_அன்ட்வெர்ப்

தம்பிமார், தங்கச்சி, நல்ல கதை போகுது. நான் கனகாலம் உணவகத் தொழிலில் நின்றவன். நீங்கள் தொடாத ஒன்றைச் சொல்ல வேண்டும்.

ஹாப் கூடின பியருக்கு மூன்று எதிரி: வெளிச்சம், சூடு, காலம். வெளிச்சம் பட்டால் ஹாப்பின் கசப்புப் பொருள் உடைந்து கந்தக நாற்றம் ஒன்று வரும். பழுப்புப் போத்தல் கனமட்டும் தடுக்கும். பச்சைப் போத்தல் கொஞ்சம்தான் தடுக்கும், நிறமில்லாத போத்தல் ஒன்றும் தடுக்காது. சூட்டில் வைத்தால் மணம் செத்துப்போய் நனைந்த காகித அட்டை வாசம் வரும். இந்த இரண்டும் இல்லாவிட்டாலும் மாதக்கணக்கில் ஹாப் மணம் குறைந்துகொண்டே போகும்.

ஆகவே மதிப்பெண் போடமுன் போத்தலின் திகதியைப் பாருங்கள். அன்ட்வெர்ப்பில் ஒரு கடையில் (பெயர் வேண்டாம்) தாராஸ் பூல்பாவை யன்னல் ஓரமாக வெய்யில் படும்படி அடுக்கி வைத்திருந்தார்கள். வாங்கிக் குடித்தால் மணமே இல்லை, வெறும் கசப்பு. அந்தப் போத்தலுக்கு நான் 25-கூடக் குடுக்கமாட்டேன். அதே பியரைப் பிரஸ்ஸல்ஸில் ஆலையோடு ஒட்டின ஸென்னெபாரில் குழாயில் பிடித்துக் குடித்தபோது வேறை உலகம். வெளிநாட்டிலிருந்து "இது சாதாரணம்" என்று எழுதும் கனபேர் பழம் போத்தலைக் குடித்துவிட்டுத்தான் எழுதுகினம் என்று நினைக்கிறேன். ஜாம்ப் டி புவா போன்ற 8 வீதப் பியர் பயணத்தைத் தாங்கும். இதனாலும் பலமான பியருக்குப் புள்ளி கூட விழுகுது. மாறன் தம்பி சொன்ன காரணத்தோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கோ.

இன்னொன்று கிளாஸ். சவர்க்காரப் பிசுக்கோ எண்ணெயோ இருந்தால் நுரை நிற்காது. தாராஸ் பூல்பாவுக்கு நுரைதான் பாதி அழகு. சுடுதண்ணியில் கழுவி, துடைக்காமல் கவிழ்த்துக் காயவிட்டு, ஊற்றமுன் குளிர்தண்ணியில் ஒருக்கா அலசிப்போட்டு ஊற்ற வேண்டும். இங்கே நல்ல கடைகளில் எல்லாம் அந்த அலசல் இருக்கும், கவனித்துப் பாருங்கள்.

---

லூவன்_கார்த்தி

அய்யா, திகதி விஷயம் மிக முக்கியமான செய்தி, நன்றி.

ஆனால் மாறன் அண்ணா, உங்கள் "முழு கிளாஸ்" விதியே சின்ன பீருக்குச் சாதகமாக எழுதிய விதி இல்லையா? ஸ்டில்லெ நாக்ட் என்ற 12 சதவீத பெல்ஜிய பீரை யாரும் 33 சென்டிலிட்டரை மடமடவென்று காலி செய்வதில்லை. இரண்டு பேர் பகிர்ந்து ஒரு மணிநேரம் வைத்துக் குடிப்பார்கள். அது சூடாக ஆக வாசனை மாறிக்கொண்டே வரும், அந்த மாற்றம்தான் அதன் அழகு. "அடுத்த மிடறைக் கேட்கிறதா" என்ற கேள்வியை அதனிடம் கேட்பது நியாயமே இல்லை. ஜாம்ப் டி புவாவையும் 6 டிகிரியில் எடுத்துக் குடிக்காமல் 10, 12 டிகிரி வரை விட்டுப் பாருங்கள். தேன் வாசனைக்குப் பின்னால் பாதாம் வரும். என்ன வெப்பத்தில் குடித்தீர்கள் என்று முதல் பதிவில் நீங்கள் எழுதவே இல்லையே.

---

மாறன்_பிரஸ்ஸல்ஸ்

தாராஸ் பூல்பா, ஸின்னெபிர் இரண்டும் 7 டிகிரி ஒட்டி. ஜாம்ப் டி புவாவை 10-ல் எடுத்து, குடித்து முடிக்கும்போது அறை வெப்பத்துக்கே வந்துவிட்டது. பாதாம் எனக்கும் தெரிந்தது. ஆனால் அதோடு சூடும் ஏறியது. என் 35 நிற்கிறது.

மெதுவாகக் குடிக்க வேண்டிய பீரை மெதுவாகத்தான் குடிக்க வேண்டும், அதில் தகராறு இல்லை. என் விதி வேகத்தைப் பற்றியதல்ல. கிளாஸின் அடி வரை அந்த பீர் உங்களோடு பேசிக்கொண்டே இருக்கிறதா என்பதுதான் கேள்வி. ஸ்டில்லெ நாக்ட் பேசும். அதற்கு நான் தயங்காமல் 44 போடுவேன், அதே எண். அப்படியென்றால் விதி சின்ன பீருக்கு மட்டும் சலுகை காட்டவில்லை என்று ஆகிறது.

மதுமிதா, தொட்டி விளக்கத்துக்கு நன்றி. டி ராங்கேயின் எக்ஸ்எக்ஸ் பிட்டரையும் இதோடு வைத்துப் பேச வேண்டும். பெல்ஜியத்தில் எல்லாரும் பீரை இனிப்பாக்கிக்கொண்டிருந்த 1990-களில் "கசப்பு வேண்டும்" என்று துணிந்து வந்தவர்கள் அவர்கள்தான். இன்றும் பொடித்து அழுத்திய ஹாப் குருணை போடாமல் முழு ஹாப் பூவையே போடுகிறார்கள். தாராஸ் பூல்பாவின் கசப்பு எலுமிச்சை மாதிரி மேலெழும்பும், எக்ஸ்எக்ஸ் பிட்டரின் கசப்பு வேர் மாதிரி கீழே இறங்கும். இடமில்லாத காலத்தில் டி லா சென்காரர்கள் அங்கே போய்க் காய்ச்சியதில் எனக்கு ஆச்சரியமே இல்லை, இரண்டு ஆலைக்கும் நாக்கு ஒன்றுதான்.

---

செங்குட்டுவன்_சென்னை

இழை முழுவதையும் ஒரே மூச்சில் படித்தேன். இங்கே இந்தப் பாட்டில்கள் கிடைக்க வழியே இல்லை. பெங்களூரு போகும்போது மைக்ரோப்ரூவரிகளில் "பெல்ஜியன் விட்" குடித்ததோடு சரி. அடுத்த மாதம் அலுவலக வேலையாக பிரஸ்ஸல்ஸ் வருகிறேன், ஒரு சாயங்காலம் மட்டும் கையில் இருக்கிறது. இந்த ஆலையின் மூன்று பீர்களை மட்டும் குடிப்பதென்றால் எதை, எந்த வரிசையில்? பாட்டிலடியில் கசடு இருக்கும் என்கிறார்களே, அதைக் குடிக்கலாமா?

---

மதுமிதா_ஐந்தோவன்

கசடு ஈஸ்ட்தான், கெடுதல் இல்லை. குடிப்பதற்கு ஒருநாள் முன்பிருந்தே பாட்டிலை நிற்கவைத்து குளிரவிடுங்கள். கிளாஸைச் சாய்த்து ஒரே ஓட்டமாக ஊற்றி, கடைசி ஒரு விரல் அளவைப் பாட்டிலிலேயே விட்டுவிடுங்கள். முதல் கிளாஸைத் தெளிவாகக் குடித்துப் பார்த்துவிட்டு, பிறகு அந்தக் கசடைத் தனியாக நாக்கில் வைத்துப் பாருங்கள். மாவும் பிரெட்டும் கலந்த ருசி, லேசான கசப்பு. பிடித்தால் அடுத்த பாட்டிலில் கலந்துகொள்ளலாம். வயிறு கொஞ்சம் மென்மையானவர்கள் அளவோடு எடுப்பது நல்லது.

---

மாறன்_பிரஸ்ஸல்ஸ்

செங்குட்டுவன், வரிசை: தாராஸ் பூல்பா, அப்புறம் ஸின்னெபிர், கடைசியில் ப்ரூக்செலென்சிஸ். கசப்பில் ஆரம்பித்தால் நாக்கு செத்துவிடும் என்று சிலர் பயமுறுத்துவார்கள். இந்த பீரின் கசப்பு அப்படிப்பட்டது இல்லை. ஆனால் காட்டு ஈஸ்ட் பீரை முதலில் குடித்துவிட்டால் மற்ற இரண்டும் தட்டையாகிவிடும். அதனால் அது கடைசி. நடுவில் தண்ணீரும் ரொட்டியும் எடுத்துக்கொள்ளுங்கள். காரமான எதையும் தொட வேண்டாம். மிளகாய் எரிச்சலோடு சேர்ந்தால் ஹாப் கசப்பு முரட்டுத்தனமாகத் தெரியும்.

இடம்: முடிந்தால் ஆலைக்கே, ஸென்னெபாருக்குப் போங்கள். நேரம் இல்லையென்றால் நகர நடுவில் ஃபோன்டெனா சதுக்கத்தில் இருக்கும் மோடர் லாம்பிக் போதும். பீரை எப்படி வைத்திருக்க வேண்டும், எந்த கிளாஸில் ஊற்ற வேண்டும் என்று தெரிந்தவர்கள்.

---

லூவன்_கார்த்தி

செங்குட்டுவன் சார், நாலாவதாக ஒரு ஜாம்ப் டி புவாவை இரண்டு பேர் பகிர்ந்துகொள்ளுங்கள். நீங்கள் வரும் நாளைச் சொன்னால் லூவனிலிருந்து ரயிலில் அரை மணிநேரத்தில் வந்துவிடுவேன், இன்னொரு ஆள் நானே. 35-ஆ 42-ஆ என்று நீங்களே எண் போட்டு இங்கே எழுத வேண்டும்.

---

யாழ்_அன்ட்வெர்ப்

எல்லாரும் தாராஸ் பூல்பாவையும் மரக்காலனையும் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். ஸ்டவுட்டெரிக்குக்கு 39 குடுத்ததை ஒருத்தரும் கேட்கவில்லை. 5 வீதத்தில் இவ்வளவு காபியும் கருகலும் வைத்து, சீனிச் சுவை துளியும் இல்லாமல் முடிக்கிற கறுப்புப் பியரை நான் இந்த நாட்டில் வேறை காணவில்லை. அதைக் குளிராகக் குடிக்கக் கூடாது, 10 டிகிரிக்குக் கீழே வறுத்த மணம் வெளியிலேயே வராது. மாறன் தம்பி எத்தனை டிகிரியில் குடித்தது? என்ரை புள்ளி: மணம் 8, தோற்றம் 5, சுவை 9, வாய் 4, மொத்தம் 17. ஆக 43.